இந்தப் பருவத்தில் நம் அணிக்கு எத்தனை வெற்றி? கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் எதிர்பார்ப்பைக் கணக்கிடும் முறை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நெப்ராஸ்கா மாநிலத்தில் மளிகைக்கடை வரிசையில் நின்றாலும், அலுவலகத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வருஷம் எத்தனை?" பன்னிரண்டு ஆட்டங்களில் எத்தனை வெற்றி என்பதைத்தான் கேட்கிறார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லாத அந்த மாநிலத்தில், லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கர்ஸ் அணியே எல்லாருக்கும் சொந்த அணி. மெமோரியல் ஸ்டேடியத்தில் டிக்கெட்டுகள் முழுவதுமாக விற்றுத் தீரும் தொடர் 1962 நவம்பரில் தொடங்கி இன்றுவரை அறுபடவில்லை என்பதை அந்த ஊர்க்காரர்கள் குடும்பப் பெருமை போலச் சொல்வார்கள்.

மேற்படிப்புக்காக அந்த ஊருக்குப் போய், முதல் இலையுதிர் காலத்திலேயே அணியின் சிவப்புச் சட்டை வாங்கிக்கொண்டவன் நான். பல ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு மனத்தில் தோன்றிய எண்ணையே பதிலாகச் சொல்லிவந்தேன். அது பெரும்பாலும் ஒன்பதாக இருக்கும், நவம்பரில் கையில் இருப்பது நான்கோ ஐந்தோதான். அந்த ஏமாற்றத்தில் பாதிக்கு மேல் அணியின் தவறல்ல, என் கணக்கின் தவறு என்று புரிந்த பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நெப்ராஸ்காவை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணம், அந்த அணியின் ஒவ்வொரு தோல்வியும் எனக்கு மனப்பாடம் என்பதே. ஆனால் உங்கள் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகம் மிச்சிகனாக இருந்தாலும், டெக்சஸாக இருந்தாலும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

முதலில், மனத்தில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

ஒவ்வொரு ரசிகருக்கும் உள்ளுக்குள் ஓர் எண் இருக்கிறது, அது பெரும்பாலும் பழைய நினைவிலிருந்து வந்தது. நெப்ராஸ்கா ரசிகர்களுக்கு அந்த எண் ஒன்பது. டாம் ஆஸ்பர்ன் 1973 முதல் 1997 வரை 25 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அவற்றில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிகளுக்குக் குறையவில்லை. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டமும் கிடைத்தது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் 2003-இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்ற நிலையிலேயே நீக்கப்பட்டார். 2008 முதல் 2014 வரை பயிற்சியாளராக இருந்த போ பெலினி ஒவ்வொரு பருவத்திலும் ஒன்பதோ பத்தோ வென்றார், அவரும் நீக்கப்பட்டார். ஒன்பது என்பது போதாது என்று சொல்லி இருவரை அனுப்பிய அந்த அணி, பெலினி போன பிறகு 2025 வரையிலான பதினொரு பருவங்களில் ஒன்பது வெற்றிகளை எட்டியது 2016-இல் மட்டுமே. ஆனாலும் ரசிகர்களின் மனத்தில் அந்த ஒன்பது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இன்று களத்தில் இறங்கும் வீரர்கள் 1997-இல் பிறந்திருக்கவே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு தரலாம் என்பது தெரியும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் அணியின் கடைசி ஐந்து ஆண்டு வழக்கமான பருவ வெற்றிகளை மட்டும் எழுதுங்கள். வழக்கமான பருவம் முடிந்தபின் தகுதி பெற்ற அணிகள் ஆடும் பௌல் ஆட்டங்களைச் சேர்க்க வேண்டாம். நட்சத்திர வீரர்கள் பலர் அவற்றில் ஆடாமல் விலகிக்கொள்வதால் அவை அணியின் உண்மையான பலத்தைக் காட்டுவதில்லை. நெப்ராஸ்காவுக்கு 2021 முதல் 2025 வரை இந்த எண்கள் வரும்: 3, 4, 5, 6, 7. இதன் சராசரி 5. இந்த வரிசையைப் பார்த்ததும் அடுத்தது 8 என்று மனம் தானாகச் சொல்கிறது அல்லவா? அந்தக் குரலை இப்போதைக்கு ஓரமாக நிறுத்திவையுங்கள். படிக்கட்டு போலத் தெரியும் இந்த ஐந்து எண்களும் உண்மையில் படிக்கட்டுதானா என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

அட்டவணையை வரி வரியாக எடுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே நிதானமாகச் செல்கிறேன். பெரும்பாலான ரசிகர்கள் அட்டவணையை விரித்து ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்திலும் "ஜெயிப்போம்", "தோற்போம்" என்று குறிக்கிறார்கள், பிறகு ஜெயிப்போம் என்று குறித்தவற்றை எண்ணிக் கூட்டுகிறார்கள். ஏமாற்றம் பிறக்குமிடம் இதுவே. நூற்றுக்கு 95 வாய்ப்புள்ள ஆட்டமும் நூற்றுக்கு 55 வாய்ப்புள்ள ஆட்டமும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே டிக் குறிதான்.

அதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நூறில் எத்தனை முறை நம் அணி வெல்லும் என்று ஓர் எண்ணை எழுதுங்கள். பன்னிரண்டு எண்களையும் கூட்டி நூறால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் நான் எழுதிய தாளை அப்படியே தருகிறேன். லிங்கனில் நடந்த ஏழு ஆட்டங்களுக்கு நான் தந்தவை: யூடெப் 95, கொலராடோ 60, வடக்கு அயோவா 95, இல்லினாய் 65, ரட்கர்ஸ் 60, யுசிஎல்ஏ 65, விஸ்கான்சின் 50. வெளியூரில் நடந்த ஐந்துக்கு: பர்டியூ 70, இண்டியானா 50, ஒஹையோ ஸ்டேட் 8, யுஎஸ்சி 35, அயோவா 45. சொந்த மண்ணில் 490, வெளியூரில் 208, மொத்தம் 698. நூறால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு.

இப்போது அதே தாளைப் பழைய முறையில் எண்ணிப் பாருங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ பெற்ற ஆட்டங்கள் ஒன்பது. அதாவது எந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியும் என் கருத்தை மாற்றிக்கொள்ளாமலேயே, கூட்டும் முறையை மாற்றியதால் மட்டும் ஒன்பது ஏழாகிவிட்டது. அந்த ஒன்பதையும் ஒன்றுவிடாமல் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. ஒன்பது என்று சொன்ன ரசிகர் தம்மை நிதானமானவர் என்றே நினைத்திருப்பார். உண்மையில் அவர் டிக் போட்ட அந்த ஒன்பதும் அப்படியே வெற்றியாவது நூறில் மூன்று முறைகூட நடக்காது.

நடந்தது என்ன? முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. பிறகு இண்டியானாவிடம் 56-7, ஒஹையோ ஸ்டேட்டிடம் 21-17, யுசிஎல்ஏவிடம் 27-20, யுஎஸ்சியிடம் 28-20 என்று அடுத்தடுத்து நான்கு தோல்விகள். விஸ்கான்சினை 44-25 என்று வென்று ஆறாவது வெற்றியைப் பெற்றபோது, 2016-க்குப் பிறகு முதல் முறையாகப் பௌல் ஆட்டத்துக்கான தகுதி கிடைத்தது. கடைசியில் அயோவாவிடம் தோல்வி. மொத்தம் ஆறு. ஒன்பது எதிர்பார்த்தவருக்கு அது இடிந்துபோகும் பருவம். ஏழு எதிர்பார்த்து, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றும் எழுதிவைத்திருந்த எனக்கு, ஏழாண்டு வறட்சி முடிந்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க முடிந்தது.

எண்களை நிரப்பும்போது சில விஷயங்களை நினைவில் வையுங்கள். எந்த ஆட்டத்துக்கும் நூறு தராதீர்கள். 2007 செப்டம்பர் 1 அன்று தேசிய அளவில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த அரங்கிலேயே 34-32 என்று தோற்றது. சொந்த மண் என்பதற்கு ஸ்கோரில் இரண்டு மூன்று புள்ளிகள் மதிப்புண்டு, அதற்கு மேல் இல்லை. சமபலமுள்ள எதிரணிக்கு எதிராக அது ஐம்பதை ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு ஆக்கும், எழுபத்தைந்து ஆக்காது. ஓய்வு வாரம் எங்கே விழுகிறது, அடுத்தடுத்து இரண்டு வாரம் வெளியூர் போக வேண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2024 முதல், நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில், அதாவது அணிகளின் கூட்டமைப்பில், பதினெட்டு அணிகள். பழைய கிழக்கு, மேற்குப் பிரிவுகள் இல்லை. அதனால் ஒரே கான்ஃபரன்ஸில் உள்ள இரண்டு அணிகளுக்கு முற்றிலும் வேறுபட்ட கடினத்தன்மையுள்ள அட்டவணை அமைய முடியும். ஆண்டுதோறும் எதிரணிகள் மாறுவதால், போன ஆண்டைவிட அணி மேம்பட்டிருந்தும் வெற்றிகள் குறையலாம். இதை ஆகஸ்டிலேயே தெரிந்துகொண்டவர் நவம்பரில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கூச்சலிட மாட்டார்.

போன ஆண்டின் வெற்றிகளைவிட அதன் ஸ்கோர்கள் அதிகம் பேசும்

எண்களை நிரப்ப எதை ஆதாரமாகக் கொள்வது? போன ஆண்டின் ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோரையும் எழுதிப் பாருங்கள். எட்டுப் புள்ளிகளுக்கு உட்பட்ட வித்தியாசத்தில் முடிந்தவற்றைத் தனியே வட்டமிடுங்கள். ஆறு புள்ளி தரும் ஒரு டச்டவுனும் அதன் பின் வரும் இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் எட்டு என்பதால், அவை ஒரே தாக்குதலில் மாறியிருக்கக்கூடிய ஆட்டங்கள். அவற்றின் முடிவில் திறமைக்குப் பங்குண்டு, ஆனால் உருண்ட பந்து எந்தப் பக்கம் துள்ளியது என்பதற்கும் பெரும்பங்கு உண்டு. கைநழுவிக் கீழே விழுந்த பந்தை எந்த அணி எடுக்கும் என்பது ஏறத்தாழப் பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான். ஓராண்டு அதில் வாரிக்கொண்ட அணி அடுத்த ஆண்டும் வாரிக்கொள்ளும் என்று நம்ப இடமில்லை.

நெப்ராஸ்காவின் 2021 பருவம் இதற்கு மிகக் கூர்மையான பாடம். மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஆனால் அந்த ஆண்டு அது எடுத்த புள்ளிகள் 335, கொடுத்தவை 272. ஒன்பது முறை தோற்ற அணி எதிரணிகளைவிட 63 புள்ளிகள் அதிகம் எடுத்திருக்கிறது! ஒன்பது தோல்விகளும் ஒற்றை இலக்க வித்தியாசத்திலேயே வந்தவை: மிச்சிகனிடம் மூன்று, மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் மூன்று, ஓக்லஹோமாவிடம் ஏழு, அதிகபட்சமாக ஒஹையோ ஸ்டேட்டிடம் ஒன்பது. இத்தனை துரதிர்ஷ்டம் இரண்டாம் முறை வராது, 2022-இல் ஏழெட்டு வெற்றி உறுதி என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

2022 ஆகஸ்ட் 27 அன்று டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் 28-17 என்று முன்னிலையில் இருந்த நெப்ராஸ்கா, பந்தை எதிரணிக்கு நெடுந்தூரம் உதைப்பதற்குப் பதிலாகத் தானே கைப்பற்ற எண்ணிக் குறுகிய உதை ஒன்றை முயன்று தவறவிட்டு, நார்த்வெஸ்டர்னிடம் 31-28 என்று தோற்றது. அந்த நார்த்வெஸ்டர்ன் அந்தப் பருவத்தில் வேறு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து லிங்கனிலேயே ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோல்வி. மறுநாள் ஸ்காட் ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். 1997-இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரராக இருந்து, ஊரே கொண்டாடி வரவேற்ற பயிற்சியாளர் அவர். அந்தப் பருவம் நான்கு வெற்றிகளோடு முடிந்தது.

எங்கே பிசகியது? புள்ளி வித்தியாசத்தை மொத்தமாகப் பார்த்ததில்தான். பிரித்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்: ஃபோர்டாம், பஃபலோ, நார்த்வெஸ்டர்ன் ஆகிய மூன்று அணிகளை வென்றதில் மட்டும் 119 புள்ளிகள் கூடுதல், மற்ற ஒன்பது ஆட்டங்களில் 56 புள்ளிகள் குறைவு. பலமற்ற மூன்று அணிகள் மீது குவித்த புள்ளிகளே அந்த 63-ஐ உண்டாக்கியிருந்தன. எனவே மொத்தக் கூட்டலோடு நிறுத்தாமல், மிகப் பெரிய வெற்றி இரண்டு மூன்றை மூடிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இதைவிட முக்கியமான இன்னொன்று: நெருக்கமான ஆட்டங்களில் தோற்ற அணி அடுத்த ஆண்டு தேறும் என்ற விதி, அதே அணி திரும்பி வந்தால்தான் பொருந்தும். நான்கு ஆண்டுகள் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஏட்ரியன் மார்ட்டினெஸ் 2022-இல் கன்சாஸ் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்; தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளரும் புதியவர்.

அதே கண்ணாடியை 2025 மீது திருப்புங்கள். ஏழு வெற்றிகளில் நான்கு நூலிழையில் வந்தவை: சின்சினாட்டியிடம் மூன்று, மேரிலாந்திடம் மூன்று, நார்த்வெஸ்டர்னிடம் ஏழு, யுசிஎல்ஏவிடம் ஏழு புள்ளி வித்தியாசம். நெருக்கமான தோல்விகள் இரண்டு: மிச்சிகனிடம் மூன்று, யுஎஸ்சியிடம் நான்கு. கடைசி இரண்டு ஆட்டங்களில் பென் ஸ்டேட்டிடம் 37-10, அயோவாவிடம் 40-16. யுஎஸ்சியுடனான ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் டிலன் ரயோலாவின் கால் முறிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆக, 2021-இன் மூன்றுக்கும் 2025-இன் ஏழுக்கும் இடையே உள்ள தூரத்தில் ஒரு பகுதி அணியின் உண்மையான முன்னேற்றம், இன்னொரு பகுதி நெருக்கமான ஆட்டங்கள் கை கொடுத்தது. 3, 4, 5, 6, 7 என்ற அந்த வரிசையைப் படிக்கட்டாக நான் நம்பாததன் காரணம் இதுதான். அணி முன்னேறவில்லை என்று சொல்லவில்லை. மேட் ரூல் பயிற்சியாளராக வந்த 2023-இல் கடைசி நான்கு ஆட்டங்களையும் 3, 3, 7, 3 என்ற வித்தியாசங்களில் தோற்றுப் பௌல் வாய்ப்பை இழந்த அந்தப் பையன்களைப் பார்த்தவன், 2025-இல் அதே மாதிரியான ஆட்டங்களை முடித்துக் காட்டியதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல மாட்டான். ஆனாலும் அடுத்த ஆண்டுக்கான கணக்கில் நெருக்கமான ஆட்டங்களைப் பாதிக்குப் பாதி என்று வைப்பதே நேர்மையானது.

யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள்

முன்பெல்லாம் ஓர் அணியில் பதினெட்டு வயதில் சேர்ந்த வீரரை நான்கைந்து ஆண்டுகள் அங்கேயே பார்க்கலாம். 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்களின் பெயர்களைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல் ஓராண்டு சும்மா உட்காராமல் அணி மாறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் கொண்டு பணம் ஈட்டும் உரிமையும் கிடைத்தது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. ஆகவே போன ஆண்டு அணியின் பெயரும் இந்த ஆண்டு அணியின் பெயரும் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே அணி என்று எண்ணிவிட முடியாது.

வீரர் பட்டியலை எடுத்து, போன ஆண்டு தொடக்க வரிசையில் ஆடியவர்களில் யார் மிச்சம் என்று எண்ணுங்கள். முதலில் குவார்ட்டர்பேக். அடுத்து, பெரும்பாலான ரசிகர்கள் பார்க்காமல் தாண்டிப்போகும் ஐவர்: அவருக்கு முன்னால் நின்று காக்கும் தாக்குதல் வரிசைக்காரர்கள். அந்த ஐவரும் சேர்ந்து ஆடிப் பழகியவர்களா என்பது, ஒரு நட்சத்திர ஓட்டக்காரர் இருக்கிறாரா என்பதைவிடப் பெரிய கேள்வி. நெப்ராஸ்காவை எடுத்துக்கொண்டால் ரயோலா ஆரிகனுக்குப் போய்விட்டார், 2025-இல் 1,400 கெஜத்துக்கு மேல் ஓடிய எம்மெட் ஜான்சன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். இப்படி இருவர் போன இடத்தில் வந்தவர்கள் யாராக இருந்தாலும், ஆகஸ்டில் அவர்களுக்கு முழு மதிப்பெண் போடுவது அவசரம்.

போர்ட்டல் வழியே வந்தவர்களை எடைபோடும்போது, அவர்கள் பழைய அணியில் உண்மையிலேயே ஆடினார்களா என்று மட்டும் பாருங்கள். பள்ளிக்காலத்தில் எத்தனை நட்சத்திரம் பெற்றார்கள் என்பது பழைய கதை. 2023-இல் மூன்று வெற்றி மட்டும் பெற்றிருந்த இண்டியானாவுக்குப் பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, தம்முடைய பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அழைத்துவந்தார். அவர்கள் பெரிய பெயர்கள் அல்லர், ஆனால் அவருடைய ஆட்டமுறையில் ஊறியவர்கள். 2024-இல் வழக்கமான பருவத்தில் பதினொரு வெற்றி. 2025-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசியப் பட்டம். என் 2024 தாளில் இண்டியானாவுக்கு எதிராக ஐம்பது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த 56-7 என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது. அதன் பிறகு எதிரணிகளின் பட்டியலையும் நம் அணியின் பட்டியலைப் போலவே பார்க்கத் தொடங்கினேன். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இப்படிக் கைகொடுப்பார்கள் என்றும் இல்லை. பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் வீரர் பட்டியலையே புரட்டிப்போட்ட கொலராடோ 2023-இல் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று நாட்டையே பேசவைத்துவிட்டு, நான்கு வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. ஒன்பது வெற்றி வந்தது அடுத்த ஆண்டில்தான்.

பருவத்துக்கு முந்தைய தரவரிசைகள்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அசோசியேட்டட் பிரஸ்ஸின் முன்பருவத் தரவரிசை பத்திரிகையாளர்களின் வாக்கு, அது கணக்கல்ல. 2024-இல் பத்தாம் இடத்தில் தொடங்கிய ஃப்ளோரிடா ஸ்டேட் இரண்டே வெற்றிகளோடு முடித்தது. 2025-இல் இரண்டாம் இடத்தில் தொடங்கிய பென் ஸ்டேட் அக்டோபர் பாதிக்குள் பயிற்சியாளரை நீக்கியது. 2022-இல் தரவரிசையிலேயே இல்லாத டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமானால் எஸ்பி பிளஸ் போன்ற கணினி மதிப்பீடுகளைப் பாருங்கள்; திரும்பி வரும் வீரர்கள், அண்மைக்கால வீரர் சேர்ப்பு, அண்மைக்கால வரலாறு ஆகிய மூன்றையும் கொண்டு அவை கணக்கிடப்படுகின்றன. உங்கள் தாளில் வந்த எண்ணுக்கும் அவற்றுக்கும் இரண்டு வெற்றிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் பாசம் உங்கள் கையைப் பிடித்து எழுதவைத்திருக்கிறது.

ஓர் எண்ணை அல்ல, மூன்று எண்களை எழுதுங்கள்

கூட்டி வந்த எண் நடுவில் இருக்கட்டும். பன்னிரண்டு ஆட்டப் பருவத்தில் அதிலிருந்து ஒன்றரை வெற்றி கூடுவதும் குறைவதும் மிக இயல்பு. அணியில் எந்த மாற்றமும் நேராமலேயே அது நடக்கும். ஆகவே நடு எண் ஏழு என்றால் ஐந்தரை முதல் எட்டரை வரை வழக்கமான எல்லை. குவார்ட்டர்பேக் காயமடைந்தால் ஓர் ஆட்டம் மட்டும் பாதிக்கப்படுவதில்லை, அடுத்த எல்லா ஆட்டங்களின் வாய்ப்பும் சேர்ந்து சரியும். எனவே கீழ் எல்லையை இன்னும் ஒன்று இறக்கிவையுங்கள். இந்த மூன்று எண்களையும் வீட்டில் உள்ளவர்களிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. நவம்பரில் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எண்ணுக்கு அப்பால், இந்த ஆண்டு அணி எதைச் செய்தால் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். ஆறு வெற்றி என்பது பௌல் தகுதி. தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும், பன்னிரண்டு அணிகள் கொண்ட பிளே-ஆஃப் 2024-இல் வந்த பிறகு, பத்து வெற்றி பெற்ற பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்கு டிசம்பரில் கதவு திறந்திருக்கிறது. முன்பு நான்கே இடங்கள் இருந்த காலத்தில், 2023-இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. அதற்காக எட்டு வெற்றிக்கு ஏங்கும் அணியின் ரசிகர் பிளே-ஆஃபை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தரவரிசையில் உள்ள ஓர் அணியை வெல்வது, பந்தைப் பறிகொடுப்பது குறைவது, நவம்பரில் தளராமல் ஆடுவது ஆகியவை கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய நல்ல அளவுகோல்கள்.

தாளை எப்போது திருத்தலாம்

முதல் ஆட்டம் முடிந்த இரவில் தாளைத் தொடாதீர்கள். 2025-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டத்தில் அலபாமாவை 31-17 என்று வென்றது. அன்றிரவே ஒரு பக்கம் பட்டக் கனவும் மறு பக்கம் ஒப்பாரியும் தொடங்கிவிட்டன. கடைசியில் ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்து வெற்றிகளோடு நின்றது, அலபாமா பிளே-ஆஃபுக்குப் போனது. நான்கு ஆட்டங்கள் முடியட்டும். அதன் பிறகு மீதியுள்ள எட்டு வரிகளுக்கும் புதிய எண்களை, பழையவற்றை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். எட்டு ஆட்டங்களுக்குப் பிறகு இன்னொரு முறை. பழைய எண்களை வைத்துக்கொள்வதுதான் முக்கியம். எந்த மாதிரி ஆட்டத்தில் நீங்கள் எப்போதும் கூடுதலாக மதிப்பிடுகிறீர்கள் என்பது இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என் தாள்களில் அது லிங்கனில் நடக்கும் இரவு ஆட்டங்கள். அரங்கமே சிவப்பாகி இரைச்சல் நெஞ்சில் மோதும் அந்த இரவுகளை நினைத்தாலே கை தானாகப் பத்து புள்ளி கூட்டி எழுதிவிடுகிறது. இப்போது எழுதிய பிறகு ஐந்தைக் கழித்துவிடுகிறேன்.

அயோவா வரியை நான் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நிரப்புகிறேன். 2023-இல் லிங்கனில் 10-10 என்று இருந்தபோது, கடைசி நொடியில் 38 கெஜத்திலிருந்து அயோவா உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 13-10. அன்று வென்றிருந்தால் ஆறாவது வெற்றி, பௌல் ஆட்டம். மறு ஆண்டு அயோவா சிட்டியில் மறுபடியும் 10-10, மறுபடியும் கடைசி நொடி, இம்முறை 53 கெஜம், மறுபடியும் 13-10. இரண்டு ஆண்டும் அந்த வரியில் 45 என்று எழுதியிருந்தேன். 2025-இல் 24 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பிறகு இந்த ஆண்டு அதை 40 ஆக்கியிருக்கிறேன்.